நட்டு மட்டும் வந்தது

கோவை கணபதியில் ஒரு பட்டறை. அங்கே மில்லிங் மிஷின் கற்றுக்கொடுப்பவள் பூங்கொடி. கற்றுக்கொள்ள வந்த நாச்சிமுத்து அவளைவிட மிகவும் மூத்தவர். இடுப்புவலி வந்த பிறகு மாணவனாவதைப் போல் ஒரு கொடுமை கிடையாது. ஆனாலும் தினமும் வந்தார்.

அன்று வரும்போதே முகம் வாடியிருந்தது.

"தூங்கலீங்ளாண்ணா?"

"எங்க தூங்கறது அம்மணி. எம் பொண்ணு தாரணிக்கு ஓசூர்ல வேலை கெடச்சிருக்குது. போகக் கூடாதுன்னுட்டேன். ராத்திரி சாப்பிடாமயே படுத்துட்டா. இன்னிக்குச் சாயங்காலம் கம்பெனிக்குப் பதில் சொல்லோணுமாம்."

தாயில்லாத பெண். ஒற்றை ஆளாக வளர்த்தவர். அவள் போய்விட்டால் வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை கிடையாது.

"இறுக்கிப் புடிச்சு வெக்கறது தப்புங்ளா அம்மணி?"

பூங்கொடிக்கும் அன்று அலுப்பாகத்தான் இருந்தது. "பன்னண்டு எம்எம் கட்டரை மாட்டுங்க" என்றாள்.

சுழன்று இரும்பைச் செதுக்கும் பல் வைத்த கருவி கட்டர்; அதைக் கவ்விப் பிடிக்கும் எஃகு வளையத்துக்குக் காலெட் என்று பெயர். பெட்டியில் அளவுவாரியாக அடுக்கியிருந்ததில் பன்னிரண்டைச் சரியாக எடுத்தார். துடைத்தார். மிஷின் வாயில் நேராகச் செருகினார். கட்டரை வைத்து, நட்டைப் போட்டு, ஸ்பேனரால் மூச்சு வாங்க இறுக்கினார்.

கட்டர் அசையாமல் ஓடியது. வேலை சுத்தமாக முடிந்தது.

"இப்பக் கழட்டுங்க."

நட்டு மட்டும் கையோடு வந்தது. காலெட்டும் கட்டரும் உள்ளேயே சிக்கிக்கொண்டன. இழுத்தார். ஆட்டிப் பார்த்தார். கடைசியில் பொறுமையிழந்து சுத்தியலால் ஒன்று போட்டார். காலெட்டும் கட்டரும் கழன்று கீழே விழுந்தன. புதுக் கட்டர். பல் தெறித்துவிட்டது.

நாச்சிமுத்து அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அளவு சரியாத்தான எடுத்தேன்? ரொம்ப இறுக்கிப் போட்டனா?"

"இல்லீங்ணா. அவ்வளவு இறுக்கித்தான் ஆகோணும்."

"அப்பறம்?"

பூங்கொடி அதே காலெட்டை எடுத்தாள். முதலில் அதைச் சாய்த்து நட்டுக்குள் அழுத்தினாள். 'டக்'கென்று மாட்டிக்கொண்டது. பிறகுதான் வேறொரு கட்டரை அதில் வைத்து, மிஷினில் ஏற்றி, அவரைப் போலவே இறுக்கினாள். உடனே நட்டைத் தளர்த்தினாள். நட்டின் உள்விளிம்பு காலெட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது. கட்டர் அலுங்காமல் அவள் கையில் இறங்கியது.

அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மாட்டறப்பவே கழட்டறதுக்கும் வழி வெக்கோணுமுங்ணா."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியது.

"நான்தான் நேராச் செருகிப் போட்டனே அம்மணி. இத்தன வருசம் கழிச்சு என்ன பண்றது?"

பூங்கொடி கீழே கிடந்த சுத்தியலை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினாள்.

"சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்குதுங்ணா. வீட்டுக்குப் போய்ப் பேசுங்க. சுத்தியலை மட்டும் தூக்கீராதீங்க."