மூன்றாவது இலை

ரொம்ப நாளைக்கு முன்னே, ஆலங்கோட்டைச் சீமையைக் காரிவளவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். தலை நரைத்தும் கோபம் நரைக்காத மனுஷர். காலையில் பல்லக்குக் கொடுப்பார், மாலையில் பிடுங்கிக்கொள்வார்!

அவர் சபையில் ஒருநாள் கிழவர் மாசிலாமணி கைகட்டி நின்றார். அப்படி என்ன குற்றம் செய்தார்? பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபின் அவர் வீட்டில் வேளைக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. அதனால் எதிர்வீட்டில் தனியாக இருந்த ஒப்பிலாள் கிழவியோடு உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டார். அவ்வளவுதான்! ஊர் சிரிக்கிறதென்று பெற்ற மகன் திருமேனியே பிராது கொடுத்துவிட்டான்.

"வெட்கக்கேடு, மகாராஜா! கிழவியை ஊரைவிட்டே அனுப்புங்கள்" என்று குதித்தார் பிரதானி குமாரவிடங்கர். மந்திரி தாண்டவராயர் வாய் திறக்குமுன் தாம் முந்திக்கொள்ள வேண்டும் அவருக்கு. அத்தனை பொறாமை!

"அனுப்பிவிடு!" என்றார் ராஜா. மாசிலாமணி சபைக் கோடியில் நின்ற ஒப்பிலாளைத் திரும்பிப் பார்த்தார். இனி யாரிடம் பேசுவது?

மந்திரி மெல்ல எழுந்தார். "உத்தரவு, மகாராஜா. ஆனால் பெரியவருக்குப் பேச்சுத்துணை வேண்டுமே. பிரதானியே உட்காரட்டும்."

"இதென்ன பெரிய வித்தை?" என்று சம்மணம் போட்டார் பிரதானி.

"பெரியவரே, ஊரறிந்த உம் தேர்க் கதையைச் சொல்லும்" என்றார் மந்திரி.

மாசிலாமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அந்த வருஷம் தெற்கு வீதியிலே தேர் சேத்துலே புதைஞ்சு போச்சு. ஊரே இழுத்தும் அசையலை. அரண்மனை யானை வந்து முட்டித் தள்ளிச்சு. அது பேரு... பேரு..."

பிரதானி கொட்டாவியை மென்றார். "எனக்கென்ன தெரியும்? நான் அப்போது பிறக்கவே இல்லை."

"நூறு தரம் கேட்டாச்சுப்பா, நிறுத்துங்க" என்றான் மகன்.

"நீயாவது சொல்லேன், பேரு என்னடா?"

"ஏதோ ஒரு யானை, விடுங்கப்பா" என்றான் திருமேனி.

"அரியநாச்சி!" சபைக் கோடியிலிருந்து ஒப்பிலாள் குரல் கொடுத்தாள். "அதுமேலே உக்காந்து குட்டி இளவரசர் அழுத அழுகை இருக்கே, அம்மாடி!"

சபை வெலவெலத்துப்போனது. ராஜா எழுந்தேவிட்டார். "நான் ஏன் அழுதேன்?"

"கையிலிருந்த பொரியுருண்டை கீழே விழுந்துட்டுது, ராசா."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் அழுததைப் பார்த்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் என்றல்லவா நினைத்தேன்!" என்றார். கழுத்து ஆரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "பிரதானி! திருமேனி! இனி இவர்கள் பந்தியில் பரிமாறுவது நீங்கள். வாயை மூடிக்கொண்டு கதை கேளுங்கள்!"

அடுத்த வெள்ளிக்கிழமை ஒப்பிலாள் வீட்டில் இரண்டு இலைக்குப் பதில் மூன்று இலை விழுந்தது. மூன்றாவது இலைக்கு முன்னால் ராஜா! அவர் உள்ளங்கையில் ஒரு பொரியுருண்டையை வைத்து அவள் சொன்னாள்:

"இந்தத் தடவை கெட்டியாப் பிடிச்சுக்குங்க, ராசா."