முன்சக்கரத்துக் கல்

தருமபுரிப் பக்கம் ஓர் ஆசிட் தொழிற்சாலை. எந்த லாரிக் கம்பெனியின் டேங்கர் உள்ளே வரலாம், எது கேட்டோடு திரும்ப வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை கமருன்னிசாவுடையது. கணக்குப் பிரிவிலிருந்து அர்த்தநாரியை மாற்றி, அவரிடம் வேலை பழக அனுப்பினார்கள். அர்த்தநாரிக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. தன்னைவிட இளையவரிடம் பழகுவதில் அவருக்கு வெட்கமெல்லாம் இல்லை. பயம்தான் இருந்தது.

கையெழுத்து என்றாலே அவருக்குப் பயம். ரோட்டில் ஆசிட் கொட்டினால் போலீஸ் முதலில் தேடுவது ஒப்புதல் கொடுத்தவனைத்தான் என்று யாரோ புண்ணியவான் அவர் காதில் போட்டிருந்தான். அதிலிருந்து அவருக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

முதல் வேலையாகப் புதுக் கம்பெனி ஒன்று அவர் மேசைக்கு வந்தது. பேர் வேண்டாம், நமக்கு எதற்கு வம்பு. அர்த்தநாரி விழுந்து விழுந்து பார்த்தார். பதிவு சரி. பெர்மிட் சரி. இன்சூரன்ஸ் சரி. ஒவ்வொரு லாரிக்கும் ஓடத் தகுதி உண்டு என்கிற எஃப்.சி. சான்று நடப்பில் இருந்தது. விபத்து ஒன்றுகூட இல்லை. கம்பெனி தொடங்கி ஒன்றரை வருஷம், லாரிகள் மட்டும் கொஞ்சம் பழசு. பழைய லாரி வாங்கி ஓட்டுவது உலகத்தில் இல்லாததா என்று அதையும் விட்டுவிட்டார். இருந்தும் பேனாவைத் திறந்துவிட்டு மறுபடி மூடி வைத்தார். நேராகக் கமருன்னிசாவிடம் போய் நின்றார்.

"மேடம், எல்லாம் சரியா இருக்கு. இன்னும் எதைப் பார்க்கணும்?"

கமருன்னிசா பேப்பர்களைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கம்பெனிக்கு போன் போட்டு, ஒரு டேங்கரில் தண்ணீர் நிரப்பி அனுப்பச் சொன்னார். சேலம் வரை சோதனை ஓட்டம் என்றார். பிறகு அர்த்தநாரியிடம் திரும்பினார்.

"நீங்களும் ஏறிக்கங்க. போய்ட்டு வந்து கையெழுத்துப் போடுங்க."

சேலம் போக வேண்டுமென்றால் தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். பஸ்ஸில் போகும்போதே அங்கே கண்ணை மூடிக்கொள்கிற ஆள் அர்த்தநாரி. ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். மாத்திரை போட்டுக்கொண்டு ஏறச் சொன்னார் கமருன்னிசா.

டிரைவர் மாதப்பன் தன்மையான மனிதர். கிளீனர் வராததால் இடம் தாராளமாக இருக்கிறது, காலை நீட்டி உட்காருங்கள் என்றார். ஊர் தாண்டும்வரை பேச்சு ஓடியது. மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்த கதையைச் சொன்னார். இறக்கம் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டார்.

கியரைக் குறைத்தார். வண்டி முனகியது. முன்னால் இருந்த மீட்டரை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது என்னவென்று அர்த்தநாரி கேட்டார். பிரேக்குக்குக் காற்று எவ்வளவு இருக்கிறதென்று காட்டுகிற முள் அது, ஒன்றுமில்லை, சில சமயம் மெதுவாக ஏறும் என்றார் மாதப்பன். சொல்லிவிட்டு மறுபடி தட்டினார். முள் அசையவில்லை. பின்னாலிருந்து ரப்பர் கருகிய வாடை வந்தது. அடுத்த வளைவில் பிரேக்கை அழுத்தினார். உடனே பிடிக்கவில்லை. அப்புறம்தான் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அர்த்தநாரி தன் பெண்டாட்டி பேரை வாய்விட்டுச் சொன்னார்.

அடுத்த வளைவில் மாதப்பன் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய் முன்சக்கரத்துக்குக் கீழே பெரிய கல்லாக ஒன்றை முட்டுக் கொடுத்தார். தடுப்புச் சுவரின் மேல் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். அர்த்தநாரியும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சுற்றிலும் பார்த்தார். சிலையும் இல்லை, சூலமும் இல்லை.

"இங்க எந்தச் சாமிங்க?"

"சாமியெல்லாம் இல்லைங்க. நம்ம கம்பெனி வண்டி இங்கதான் விழுந்துச்சு. ஓட்டினது என் மச்சான். அதிலிருந்து நம்ம டிரைவருங்க யாரும் நிறுத்தாமப் போக மாட்டோம்."

அர்த்தநாரிக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பெனிக்கு விபத்தே இல்லையே, நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேனே என்றார்.

"அப்ப வேற பேருங்க. அந்த வண்டி விழுந்ததும் பழைய கம்பெனியை மூடிட்டு, முதலாளி தன் சம்சாரம் பேர்ல புதுசா ஆரம்பிச்சார். எல்லா வண்டிக்கும் பெயின்ட் அடிச்சாங்க." மாதப்பன் கற்பூரத்தைக் கையால் மறைத்துக் காத்துக்கொண்டிருந்தார். "பிரேக்கு மட்டும் அப்படியேதான் இருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார் அர்த்தநாரி. பார்த்திருக்கவே கூடாது. பள்ளத்தில் புதர்களுக்கு நடுவே துருப்பிடித்த கதவு ஒன்று கிடந்தது. இனி அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்றார். மாதப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. பயமாகத்தான் இருக்கும், நீங்கள் பஸ் பிடித்துப் போங்கள் என்றார். நீங்களும் போக வேண்டாம் என்று அர்த்தநாரி சொன்னதற்குச் சிரித்தார். வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு எனக்கு வேலை ஏது என்று கேட்டார்.

மாதப்பன் ஏறி எஞ்சினை ஓட விட்டார். தலையை வெளியே நீட்டி ஓர் உதவி கேட்டார். கிளீனர் இருந்தால் அவன் செய்வான். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து ஹாரன் அடிப்பேன், அப்போது அந்தக் கல்லை மட்டும் உருவிவிடுங்கள், நான் மெதுவாக இறங்கிக்கொள்கிறேன் என்றார்.

அர்த்தநாரி கல்லருகே குந்தினார். ஒரு கை கல்லின் மேல் இருந்தது. மறு கையால் கமருன்னிசாவைக் கூப்பிட்டார். நடந்ததையெல்லாம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். பேர் மாறியதைச் சொன்னார், மச்சானைச் சொன்னார், முள் அசையாததைச் சொன்னார்.

"என் கழுத்துல கத்தி வெச்சாலும் இந்தக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன், மேடம்."

"சரி. இப்ப எங்க இருக்கீங்க?"

"வண்டிக்கு முன்னாலதான். நான் இறங்கிட்டேன். டிரைவர் ஓட்டிட்டுப் போறேங்கறார். சக்கரத்துக் கல்லை எடுத்துவிடச் சொல்றார். எடுத்துவிட்டுட்டு பஸ்ஸுல வந்துடறேன்."

வண்டி லேசாகப் பின்னால் நகர்ந்தது. கல் கைக்கு இளகி வந்தது. மேலே ஹாரன் அடித்தது.

"கையெழுத்துப் போட மாட்டேன்னு இப்பதானே சொன்னீங்க, சார்? கல்லை மட்டும் எடுத்துவிடறீங்களே?" என்றார் கமருன்னிசா.

ஹாரன் மறுபடி அடித்தது. அர்த்தநாரி கல்லைச் சக்கரத்தோடு ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு, மாதப்பனை வண்டியிலிருந்து இறக்கப் போனார்.