பதினோராவது முட்டை

“ஏனுங் டீச்சர், நான் கோழியை வித்தாத்தான் முட்டை விலை ஏறுமுங்களா?”

கேட்டவர் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் செங்கோடன். ஐம்பத்தெட்டு வயது. விலை நாலு நாள் விழுந்தால் போதும். முட்டையிடுகிற கோழிகளை அப்படியே கறிக்குத் தள்ளிவிடுவார். பத்தே நாளில் விலை ஏறும். இவர் காலிக் கூண்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ரெண்டு தடவை ஆயிற்று. இருக்கிற ஐயாயிரம் கோழியும் போனால் பண்ணையை மூட வேண்டியதுதான்.

பதில் சொல்ல வேண்டியவர் புள்ளியியல் டீச்சர் மங்கையர்க்கரசி. முப்பது வயது. அதிகம் பேசமாட்டார்.

“தினமும் அன்னிக்கு விலையை ஒரு முட்டை மேல எழுதி வரிசையா வைங்க. பத்து போதும். பதினோராவது வந்தா முதல் முட்டையை எடுத்துடுங்க. பத்தையும் கூட்டி, பத்தால வகுத்து, சுவத்துல எழுதுங்க. சுவத்துக் கணக்கு ஏறுதா இறங்குதான்னு மட்டும் பாருங்க.”

“எடுத்த முட்டையை?”

“ஆம்லெட் போடுங்க.”

இருபத்தி நாலாம் நாள் காலையில் செங்கோடன் போன் செய்தார்.

“டீச்சர், இன்னிக்கு ஒரேயடியா பத்து பைசா விழுந்துபோச்சுங்க. சுவத்துலயும் இறங்கிட்டேதான் இருக்கு. கோழி ஏத்த லாரியை வரச் சொல்லிப்போட்டேன்.”

டீச்சர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அலமாரியில் இருந்த முட்டைகளை எண்ணினார்.

இருபத்தி நாலு.

“பத்துன்னுதானே சொன்னேன்?”

“அதெப்படிங்க எடுக்கறது? முதல் முட்டை அஞ்சு எண்பதுங்க! அந்த மாதிரி விலை இனி எப்ப வரும்? ஒண்ணையும் எடுக்கலைங்க. இருபத்தி நாலையும் கூட்டி, இருபத்தி நாலால வகுத்தேன். கணக்குல பிசகே இல்லைங்க.”

டீச்சர் அந்த அஞ்சு எண்பதை எடுத்து ஒரு தட்டில் உடைத்தார்.

அடேங்கப்பா, என்ன நாற்றம்! செங்கோடன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

திரும்பி வந்தவர் தட்டைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பழைய முட்டைகளைக் கூடைக்கு மாற்றினார். அலமாரியில் மிச்சம் பத்து.

கூட்டினார். வகுத்தார். நேற்றைக்கும் முந்தாநாளுக்கும் அதே மாதிரி பத்துப் பத்தாக எடுத்துப் போட்டுப் பார்த்தார்.

முந்தாநாள் நாலு நாற்பத்தொன்பது.

நேற்று நாலு ஐம்பத்திரண்டு.

இன்று, பத்து பைசா விழுந்த இந்தப் பாழாய்ப்போன நாளில், நாலு ஐம்பத்து மூன்று.

“ஏறுதுங்க!” மனுஷன் கத்தியே விட்டார். “டீச்சர், இது ஏறுதுங்க!”

வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

செங்கோடன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

“வண்டியைத் திருப்பு! ஒரு கோழி கிடையாது!”

“காலையிலதானுங்க விலை இறங்குதுன்னு போன்ல அழுதீங்க?” என்றார் லாரிக்காரர்.

“அட, அது அழுகின முட்டையைச் சேர்த்துப் போட்ட கணக்குப்பா!”