ரெண்டு மொளகாச் செடியும் ஒரு ரெகுலேட்டரும்

ஒரு குரு, ரெண்டு சீடனுங்க, ஆளுக்கொரு மொளகாச் செடி. வம்பு வர்றதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

மடம் மலை உச்சியில. அங்க வருஷத்துல பாதி நாள் மூட்டம்தான். சூரியன் கட்சித் தலைவர் மாதிரி எட்டிப் பாத்துக் கையாட்டிட்டுப் போயிரும். வெளிய எதை நட்டாலும் குரங்குக்குத்தான் லாபம். அதனால செடியெல்லாம் அறைக்குள்ள, ஆளுக்கொரு பெஞ்சு மேல. ஒவ்வொண்ணுக்கும் மேல சங்கிலியில ஒரு ஊதா லைட்டு, பக்கத்துச் செவுத்துல ஃபேனுக்கு இருக்குற மாதிரி ஒரு ரெகுலேட்டர்.

குருவோட பேரு செண்பகவல்லி. எல்லாரும் சாமின்னுதான் கூப்பிடுவாங்க. நாப்பது வயசுகூட ஆகல. பெரிய சீடர் வீரபாகுவுக்கு அம்பத்தி மூணு. ஆனா கால்ல விழறப்ப யாரும் வயசு பாக்குறதில்ல.

அந்த மடத்துல ஒரு வழக்கம். வந்து சேர்ற ஆளுக்கு மந்திரம் கிடையாது, ஒரு மொளகா நாத்து குடுப்பாங்க. அது வளந்து, பூத்து, காய்ச்சு, மொத மொளகாயைக் குருவோட சேர்ந்து கடிக்கணும். அப்பத்தான் காதுல ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அந்த ஒரு வார்த்தைதான் உபதேசம்.

வீரபாகு அந்த வார்த்தைக்காக லைட்டுக் கடையை மச்சான் கையில குடுத்துட்டு மலையேறுனவரு. "வாங்காம எறங்க மாட்டேன்"னு ஊரெல்லாம் சொல்லிட்டு வேற வந்துட்டாரு. சும்மா திரும்பிப் போனா மச்சான் ஒருத்தன் சிரிச்சாலே போதும், ஊரே சிரிச்ச மாதிரி.

நாத்து வாங்குன அன்னிக்கே கேட்டாரு.

"சாமி, இதுக்கு எவ்வளவு வெளிச்சம் வைக்கணும்?"

"அது சொல்லும்."

"செடிக்கு வாய் ஏது சாமி?"

"இல்லதான். அதனால நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்க."

வீரபாகுவா மூடுவாரு? தேர்த் திருவிழாவுக்குக் கோபுரம் பூரா சீரியல் செட்டு போட்டு ராத்திரியைப் பகலாக்குன மனுசன். அவரு படிச்ச பாடம் ஒண்ணுதான்: வெளிச்சம்னா கண்ணு கூசணும். லைட்டை நாத்து தலையில இடிக்கிற மாதிரி எறக்கி, ரெகுலேட்டரைக் கடைசி வரைக்கும் திருகிட்டாரு.

கொஞ்ச நாள்லயே இலை வெளுத்து, ஓரம் அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு ஆயிருச்சு. பயந்துபோய் ஒரேயடியாக் கொறச்சாரு. செடி வெளிச்சத்தைத் தேடிக்கிட்டு நூலாட்டம் நீண்டு சாஞ்சுது. மறுபடி ஏத்துனாரு. மறுபடி மொறுமொறு. பாவம், செடிக்கு விடியுதா இருட்டுதான்னே புரியல.

அடுத்த பெஞ்சு தணிகாசலத்தோடது. முப்பது வயசுக்காரன். முன்னாடி பரோட்டா மாஸ்டர். வீரபாகுவுக்கு அப்புறம்தான் மடத்துக்கு வந்தான். சாமி ரெகுலேட்டரை எந்த எடத்துல வச்சுக் குடுத்தாங்களோ அதே எடத்துல விட்டுட்டான். பக்கத்துச் செடிக்கும் சேத்துத் தண்ணி ஊத்துவான், கும்பிடுவான், சமையலுக்குப் போயிருவான். அவன் செடி கருகருன்னு வளந்து நின்னுச்சு.

வீரபாகுவுக்கு வயித்துல அப்பவே அடுப்பு பத்திக்கிச்சு.

ஒரு நா ஜன்னல்ல ஊதா வெளிச்சத்தைப் பாத்துட்டு கீழ ஸ்டேஷன்லேருந்து ஒரு ஏட்டையா மூச்சு வாங்க ஏறி வந்தாரு.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. ரூமுக்குள்ள லைட்டு போட்டு வளக்குறது கஞ்சாவா?"

"மொளகா."

"மொளகாய்க்கா இம்புட்டு சோடனை?"

நம்பாம உள்ள வந்து ஒவ்வொரு இலையா மோந்து பாத்தாரு. கஞ்சா இல்லன்னதும் மூஞ்சி லேசாத் தொங்கிருச்சு. போறப்ப தணிகாசலத்தோட செடியைத் தட்டிக் குடுத்து, "இதான்யா செடி"ன்னாரு. வீரபாகு செடியைப் பாத்துட்டு, "இதுக்கு என்ன, டைபாய்டா?"ன்னாரு.

சாமி சிரிச்சுட்டாங்க. அந்தச் சிரிப்பை வீரபாகுவால முழுங்கவே முடியல.

அன்னிக்கு முடிவு பண்ணாரு. என்னுது காய்க்காட்டிப் போகுது, அவனுது காய்க்கக் கூடாது.

மத்தியானம் தணிகாசலம் பந்தி பரிமாறப் போவான். அந்நேரம் பாத்து வீரபாகு நைசா உள்ள போவாரு. ஒரேயடியாத் திருகுனா மாட்டிக்குவோம்னு, அவன் ரெகுலேட்டரை ஒரு மயிரிழை மட்டும் ஏத்துவாரு. மறுநாளும் ஒரு மயிரிழை. செடிக்குச் சுடணும், ஆனா அவனுக்குத் தெரியக் கூடாது. சீரியல் செட்டுல ஃபியூஸ் போகாம லோடு ஏத்திப் பழகுன கையி, பதமாத்தான் திருகுச்சு.

காலையில எந்திரிச்சதும் நேரா தணிகாசலம் செடிகிட்டதான் போவாரு. இலை வெளுத்துருக்கா, ஓரம் காஞ்சுருக்கா, தண்டு வாடியிருக்கான்னு குனிஞ்சு குனிஞ்சு தேடுவாரு. புதுசா வந்த மருமகள்கிட்ட மாமியாகூட இம்புட்டுக் குத்தம் தேட மாட்டா. தன் செடி பக்கம் தலையே திரும்பாது.

தணிகாசலத்துக்கு மனசு உருகிப்போச்சு. "அண்ணே, என் செடி மேல உங்களுக்கு எம்புட்டுப் பாசம்ணே."

"ம்ம்."

"கூடப்பொறந்தவன்கூட இப்பிடிப் பாக்க மாட்டான்ணே."

"போடா, சாம்பாரு அடிப்பிடிக்குது."

ஒரு நா காலையில இலையெல்லாம் ஓரம் மேல தூக்கி, கை ஏந்துற மாதிரி நின்னுச்சு. வீரபாகுவுக்குக் குஷி. ஆனா தணிகாசலம் பாத்துட்டான்.

"அண்ணே, ஏன் இப்பிடி மடங்குது? சாமிகிட்டச் சொல்லட்டா?"

வீரபாகு அவனை மறிச்சாரு. "சாமியை ஏன்டா தொந்தரவு பண்ணுற? தானாச் சரியாயிரும்"னு அனுப்பிட்டு, அவன் போனதும் ரெகுலேட்டரை ஒரு மயிரிழை கொறச்சாரு. இலை விரிஞ்சுக்கிச்சு. இன்னும் ஒரு வாட்டி திருகுனா மாட்டிக்குவோம்னு அதோட விட்டுட்டாரு.

அந்த வாரமே மொட்டு வந்துச்சு. அப்புறம் வெள்ளையா ஒரு பூ.

பூவைப் பாத்ததும் வீரபாகுவுக்குப் பொறுக்கல. விழுந்து தொலையட்டும்னு அதைப் பட்டுன்னு ஒரு சுண்டு சுண்டுனாரு. விழல. அறைக்குள்ள தேனீ ஏது? அந்தச் சுண்டுல மகரந்தம் உதிர்ந்து, பூ பிஞ்சாயி, பிஞ்சு காயாயிருச்சு.

செவந்து நின்ன அன்னிக்கு சாமி வந்தாங்க.

"தணிகாசலம், பறிங்க."

அவன் கண்ணுல தண்ணியோட கையை நீட்டுனான்.

"நிறுத்துடா!" வீரபாகு கத்துன கத்துல பல்லியே ஓடிப்போச்சு. "சாமி, இது என் மொளகா!"

"எப்பிடி?"

"ரெகுலேட்டரைத் திருகுனது நானு. பூவைச் சுண்டுனது நானு. இவன் வெறும் தண்ணி ஊத்துனவன்!"

"எதுக்குத் திருகுனீங்க?"

வாயில வந்துருச்சு. இனி முழுங்கவா முடியும்?

"கருகட்டும்னு."

தணிகாசலம் வாயைப் பொளந்துட்டான். சாமி முகத்துல ஒண்ணும் மாறல.

"கருகலையே?"

"கொஞ்சங் கொஞ்சமாத்தான் ஏத்துனேன். ஒரேயடியா ஏத்துனா இவன் கண்டுபிடிச்சிருவான்ல?"

"அப்புறம் ஏன் ஏத்தாம விட்டீங்க?"

"இலை ஓரம் மேல தூக்குச்சு சாமி. லேசாக் கொறச்சேன். கொறச்சதும் படுத்துருச்சு. இடப்பக்கக் கவட்டையிலதான் மொத மொட்டு வந்துச்சு. பச்சையா, கடுகு மாதிரி. அதுக்குக் கீழ இருக்குற இலையில ஒரு சின்ன ஓட்டை. பூச்சி கடிச்சது இல்ல, பொறக்குறப்பவே இருந்துச்சு."

"சரி. உங்க செடி எப்பிடி இருக்கு?"

 வீரபாகு திரும்பித் தன் பெஞ்சைப் பாத்தாரு. ரொம்ப நாளா அந்த ரெகுலேட்டரை யாரும் திருகாததால செடி அதுபாட்டுக்கு ரெண்டு தளிர் விட்டுருந்துச்சு. அது எப்ப வந்துச்சுன்னு அவருக்குத் தெரியல.

தணிகாசலம் மெதுவாச் சொன்னான். "சாமி, நான் ஒண்ணுமே செய்யாமக் காய்ச்சிருச்சேன்னு எனக்கே ஒரு பயமாத்தான் இருந்துச்சு. அண்ணனுக்கே குடுத்துருங்க."

"ஆமா சாமி, எனக்கே குடுத்துருங்க"ன்னு வீரபாகுவும் கையை நீட்டுனாரு. வெக்கம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம்.

சாமி மொளகாயைப் பறிச்சாங்க. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருக்கயிலயே தன் வாயில போட்டு மென்னு முழுங்கிட்டாங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"நல்லா வெளஞ்சுருக்கு"ன்னாங்க.

வீரபாகு அழுதுருவாரு போல இருந்துச்சு. "அப்போ எனக்கு உபதேசம்?"

சாமி அவரு பெஞ்சுக்குப் போயி, அந்த நோஞ்சான் செடியைத் தொட்டியோட தூக்குனாங்க. கொண்டுபோயி தணிகாசலத்தோட பெஞ்சுல வச்சாங்க.

"சாமி, அது என் செடி!"

"இனிமே இது தணிகாசலத்தோடது. நீங்க வழக்கம்போலப் பாத்துக்குங்க."