ஒரு டேங்க் கொசுறு

“எவனோ ஒருத்தன் என் வண்டியில கை வெச்சுக் கெடுத்திருக்கான், அம்மணி. அவன் ஆருன்னு மட்டும் காட்டிக் குடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

பல்லடம் ரோட்டில் இருந்த ஒர்க்‌ஷாப் வாசலில் காரை நிறுத்தி, ஒரு கால் இன்னும் உள்ளே இருக்கும்போதே பொங்கியண்ணன் இப்படித்தான் ஆரம்பித்தார்.

ஜெசிந்தா கையிலிருந்த கிரீஸைத் துடைத்தாள். அவரைவிட இருபது வயது இளையவள். ஆனால் கசிவு என்று வந்துவிட்டால் அந்த வட்டாரத்து மெக்கானிக்குகளே அவளிடம்தான் வண்டியை அனுப்பிவைப்பார்கள்.

காருக்குள் பெட்ரோல் நெடி. வாங்கிய இரண்டாம் மாதத்திலிருந்து. ஒருத்தன் மூடியை மாற்றினான். இன்னொருத்தன் ஹோஸை மாற்றினான். மூன்றாமவன் பின்னால் இருக்கும் கரி டப்பாவையே புதிதாக மாட்டினான். ஒரு மாதம் நன்றாக இருந்தது. மறுபடி நெடி.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகளையும் மூன்று மாதப் பேத்தியையும் கூட்டிவரக் கோபிசெட்டிபாளையம் போனார். ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை, குழந்தை கக்கிவிட்டது. திருப்பிக் கொண்டுபோய் இறக்க வேண்டியதாயிற்று. நெடி இல்லாத வண்டி கொண்டாங்க, அனுப்பறோம் என்று சம்பந்தி நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

ஆடி பிறக்க இரண்டே நாள். நாளைக் காலை விட்டால் ஒரு மாதம் அனுப்ப மாட்டார்கள். வாடகைக் கார் எடுக்கலாமே என்று மகன் வாயெடுத்தான். அவர் பார்த்த பார்வையில் பாதியில் முழுங்கிக்கொண்டான்.

“இனி ஒருத்தனையும் நம்பறாப்பல இல்ல. நீ வழி சொல்லு. நானே கண்டுபிடிக்கறேன்.”

“சொன்னாக் கேப்பீங்களாங்கண்ணா?”

“பன்னண்டு வயசுல சந்தையில மூட்டை தூக்கினவன் நான். எனக்குச் சொல்லிக் குடுத்தவனெல்லாம் அடிச்சுத்தான் சொல்லிக் குடுத்தான்.”

“நான் அடிக்க மாட்டேன்,” என்றாள்.

கூலி பேசி முடித்தார்கள். முடித்த பிறகு, ஒரு வாட்டர் வாஷ் கொசுறாகப் போட்டுவிடு என்றார். கொசுறு வாங்காமல் அவர் எந்தக் கடைப் படியும் இறங்கியதில்லை. டயர் வாங்கினால்கூடச் சாவிக்கொத்து ஒன்று கையில் இருக்க வேண்டும். கேட்டு வாங்கத் தெரியாதவன் ஏமாளி என்பது அவர் கட்சி.

ஜெசிந்தா புகை மிஷினைக் கொண்டுவந்து பெட்ரோல் போகும் குழாயில் இணைத்தாள். டார்ச்சை அவரிடம் நீட்டினாள்.

“ஓட்டை இருந்தா புகை வெளிய வரும். பாருங்க.”

வெள்ளை வேட்டியோடு காருக்கடியில் மல்லாந்து படுத்தார். ஒவ்வொரு இணைப்பாக வெளிச்சம் அடித்தார். கழுத்து வலித்தது. கண்ணில் தூசி விழுந்தது. ஒரு மணி நேரம். எழுந்திருக்கவில்லை.

ஒரு இழை புகைகூட வரவில்லை.

“ஓட்டை இல்லைங்கண்ணா.”

“அப்பறம் நெடி எங்கிருந்து வருது, ஆகாசத்துல இருந்தா?”

அவள் குனிந்து கரி டப்பாவைத் தட்டிக் காட்டினாள். டேங்கின் உச்சியிலிருந்து ஒரு குழாய் வழியாக வரும் ஆவியை அதற்குள் இருக்கும் கரி பிடித்து வைத்துக்கொள்ளும், வண்டி ஓடும்போது இன்ஜின் அதை இழுத்துக்கொள்ளும் என்றாள்.

“ஆவியை மட்டும்,” என்றாள்.

அவர் அதற்குள் போனை எடுத்து மூன்றாமவனைக் கூப்பிட்டிருந்தார். டூப்ளிகேட் டப்பாவை மாட்டி ஏமாற்றிவிட்டான் என்று அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டி முடிக்கும் வரை ஜெசிந்தா காத்திருந்தாள்.

பிறகு, “பெட்ரோல் போட்டுட்டு வரலாங்களா?” என்றாள்.

பங்க்கில் வேலை செய்யும் பெண் குழாயைச் செருகினாள். டேங்க் நிறைந்ததும் குழாய் டக்கென்று தானாக நின்றது. அவள் கழற்றப் போனாள்.

“கழட்டாத.”

பொங்கியண்ணன் இறங்கிப் போய்க் காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். உள்ளே குபுக் குபுக் என்றது.

“இப்ப ஊத்து.”

மறுபடி டக். மறுபடி ஆட்டினார். மூன்றாம் தடவை பெட்ரோல் வாய் விளிம்பில் வந்து பளபளத்தது. ஏறி உட்கார்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, முகத்தில் ஒரு திருப்தி.

“நாப்பது லிட்டர்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். நான் நாப்பத்தி நாலு ஊத்தறேன். அந்த நாலு, டேங்க் எனக்குக் குடுக்கற கொசுறு.”

“எப்பவும் இப்படித்தானுங்களா?”

“வாங்கின நாள்ல இருந்து.”

ஜெசிந்தா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். ஒர்க்‌ஷாப் வரும்வரை ஏற்றவில்லை.

வந்ததும் அந்த நாலு லிட்டரை உறிஞ்சிக் கேனில் இறக்கினாள். கரி டப்பாவை அவரையே கழற்றச் சொன்னாள். கழற்றினார். கையில் கனத்தது.

தட்டைக் காட்டினாள்.

சாய்த்தார்.

டப்பாவின் ஓட்டையிலிருந்து கறுப்பாக, கரித்தூளோடு, பெட்ரோல் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது. மூக்கை முட்டும் அதே நெடி.

“ஆவி மட்டும்னு சொன்னயே.”

“ஆமாங்கண்ணா.”

“இது?”

“கொசுறுங்கண்ணா.”

தட்டு நிறைந்தது. பொங்கியண்ணன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். விரலெல்லாம் கரி.

ஜெசிந்தா அலமாரியிலிருந்து புது டப்பாவை எடுத்து வந்தாள். ஸ்பானரை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“எவனோ ஒருத்தன் கை வெச்சுக் கெடுத்துட்டான்னீங்களே. நாளைக்குக் காலைல குழந்தை ஏறணும். அவனை வரச் சொல்லுங்கண்ணா. இப்பவாவது வந்து சரி பண்ணட்டும்.”