கம்ப்யூட்டர் "கொஞ்சம் பொறு" என்று சொல்ல வந்த கதை

கம்ப்யூட்டருக்குள் குடியிருப்பவர்கள் நம்மைப் போல வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கு ஒரு வாசல்காரன் இருந்தான். பென்டிரைவ் வந்தால் கதவைத் திறப்பான், கிளம்பினால் வழியனுப்புவான். ஒருதடவை "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் நிற்கக் கூடாது, சகுனம் ஆகாது என்பது அவன் பிடிவாதம்.

ஒருநாள் மலர்க்கொடி என்கிற பெண், இடுப்பில் பிள்ளையோடு கடைத்தெரு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அவள் புருஷன் மஸ்கட்டில் இருந்தார். அவர் போனபோது பிள்ளை வயிற்றில். இப்போது அது "அப்பா" என்று சொல்லப் பழகியிருந்தது. அதைப் படம் பிடித்து, மஸ்கட்டுக்குக் கிளம்புகிற யூசுப் அண்ணன் கையில் பென்டிரைவில் கொடுத்துவிட வேண்டும்.

பிடித்த படம் பென்டிரைவில் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெளியே கார் ஹாரன் அடித்தது. "ஏம்மா, பிளேன் எனக்காக நிக்குமா? நான் என்ன புதுமாப்பிள்ளையா?" என்றார் யூசுப் அண்ணன். பென்டிரைவை வெளியே எடுக்கணும் என்று ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் அவசரமாக அமுக்கினார்.

உள்ளே வாசல்காரன் ஒவ்வொரு கதவாகத் தட்டினான். "பென்டிரைவ் கிளம்புது."

"நல்லபடியா போயிட்டு வரட்டும்" என்று பாட்டுக்காரன் கதவைச் சாத்திக்கொண்டான். படம் காட்டுகிறவளும் சாத்திக்கொண்டாள். கடைசி அறையில் நகல்காரி குனிந்த தலை நிமிராமல் அந்தப் படத்தைப் பென்டிரைவில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இரு, இரு! பிள்ளை இப்பத்தான் வாயைத் திறக்குது."

"எல்லார்கிட்டயும் சொல்லியாச்சே. திரும்பப் போய், கிளம்பலைன்னு சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமேய்யா! பாதி இன்னும் என் கையில இருக்கு."

திரும்பப் போய்ச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. வாசல் கதவைத் திறந்து பென்டிரைவை அனுப்பிவிட்டான். நகல்காரியின் கை அந்தரத்தில் நின்றது.

ரெண்டு மாதம் கழித்து மலர்க்கொடி ஒரு கடிதத்தோடு வந்தாள். கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டுடியோக்காரருக்கு மெதுவாகப் படித்துக் காட்டினாள்.

"மலரு, பிள்ளைக்கு என் மூக்குதான். நல்லா சிரிக்கிறான். அப்புறம் வாயைத் திறக்கிறான், படம் நின்னுடுது. தினமும் வேலை விட்டு வந்து போட்டுப் பாக்குறேன். இன்னைக்காவது சொல்லிடுவான்னு தோணுது. என்ன சொல்ல வந்தான் மலரு?"

அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். இனி மஸ்கட்டுக்குப் போக ஆள் கிடைப்பது அடுத்த வருஷம்தான். உள்ளே வாசல்காரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தக் கடிதம் காதில் விழுந்த நாள் முதல்தான், உள்ளே ஒரே ஒருத்தர் "இரு" என்றாலும் அவன் கதவைத் திறப்பதில்லை. வெட்கம் பார்க்காமல், சாத்தின கதவையெல்லாம் திரும்பத் தட்டி, "இன்னும் கிளம்பல, வேலையைப் பாருங்க" என்கிறான். வெளியே நிற்கிற நமக்கும், இது இன்னும் ஒருத்தர் கையில் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்து எடுங்கள் என்று எழுதிக் காட்டுகிறான். நாம்தான் சலித்துக்கொள்கிறோம். உள்ளே ஏதோ ஒரு பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்திருக்கும்.