இருநூற்று நாற்பதாவது பந்து

நஞ்சப்பனுக்குக் குரு வாய்த்தபோது அவருக்கு ஐம்பத்து நாலு வயது. குருவுக்கு முப்பத்தாறு.

குருவின் பெயர் கோகிலவாணி. கோவைக்குத் தெற்கே தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில், அடிபட்ட கோல்ஃப் பந்துகளை அவர் மறுபடியும் புதுப் பந்துகளாக ஆக்கிக்கொண்டிருந்தார். குளத்தில் விழுந்தது, புதரில் தொலைந்தது, மட்டை விளிம்பு பட்டுத் தோல் கிழிந்தது என்று மைதானங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். கழுவிக் காயவைத்து, கிழிந்த தோலை உரித்துவிட்டு, உள்ளே இருக்கும் ரப்பர் உருண்டைக்குப் புதுத் தோல் போர்த்தி அச்சில் வைத்து அழுத்துவார். வெளியே எடுக்கும்போது அதன் சின்னச் சின்னக் குழிகள் அத்தனையும் எண்ணி வைத்தாற்போல இருக்கும்.

நஞ்சப்பன் முப்பது வருஷம் டயர் ரீட்ரேடிங்கில் இருந்தவர். லாரி டயருக்கே புதுத் தோல் போட்டவருக்கு எலுமிச்சம்பழம் அளவுப் பந்து எம்மாத்திரம்? அப்படி நினைத்துக்கொண்டுதான் வேலைக்கு வந்தார். முதல் வாரத்தில் அவர் போர்த்திய பந்துகளில் பாதி கோழிமுட்டை மாதிரி வந்தன. கோகிலவாணி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. முட்டைகளை ஒரு கூடையில் போட்டு அவர் கண்ணில் படும்படி வைத்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் நஞ்சப்பன் வாயை மூடிக்கொண்டு கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்.

கற்கக் கற்க மலைப்புத்தான் கூடியது. மூட்டையைப் பிரித்ததும் ஒரு பந்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "இது ஒரு மழைக்காலம் பூரா தண்ணியில கெடந்ததுங்ணா, தள்ளி வைங்க" என்பார் கோகிலவாணி. அறுத்துப் பார்த்தால் உள்ளே ஊறித்தான் இருக்கும். நஞ்சப்பன் அதை வீட்டில் போய்ச் சொல்லுவார். தினமும் சொல்லுவார். "அந்த அம்மிணி பேச்செடுக்காம உங்களுக்குச் சோறு எறங்காதுங்களா?" என்று மனைவி கேலி செய்தார்.

பட்டறையின் மூலையில் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. அதில் உப்பை நிறையக் கரைத்த தண்ணீர். சாதாரணத் தண்ணீரில் முழுகிப் போகிற ரப்பர் உருண்டை அதில் மிதக்கும். மிதக்கிற உருண்டையின் உச்சியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, தண்ணீருக்குள் புரட்டிவிட வேண்டும். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பக்கம் மேலே வந்தால் உருண்டை சரியானது. எப்படிப் புரட்டினாலும் அதே புள்ளி மேலே வந்து நின்றால், உள்ளே எங்கோ ஒரு பக்கம் கனம். அதற்குப் புதுத் தோல் கிடையாது.

அந்தத் தொட்டியில் கைவைக்க நஞ்சப்பனுக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

வருஷத்துக்கு ஒருநாள், தை மாசத்தில், பக்கத்து மைதானத்தில் மட்டைப் பை தூக்குகிறவர்களுக்கென்று ஒரு போட்டி நடக்கும். மற்ற நாளெல்லாம் அடுத்தவர் பையைச் சுமந்து நடப்பவர்கள் அன்றைக்கு மட்டும் தாங்களே ஆடுவார்கள். பந்து கோகிலவாணி கொடுப்பது. இருநூற்று நாற்பது பந்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண் குத்தியிருக்கும். அந்த வருஷம் அவர் தங்கைக்குப் பிரசவம் என்று பொள்ளாச்சிக்குப் போகவேண்டியிருந்தது.

"நீங்களே முடிச்சிருங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நஞ்சப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டை மறந்து வேலை செய்தார். கடைசி நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மின்தடை என்று அறிவித்திருந்தார்கள்; கரண்ட் இல்லாமல் அச்சு ஓடாது. ஒன்றரை மணிக்கு இருநூற்று முப்பத்தொன்பது முடிந்திருந்தது. கடைசி உருண்டையைத் தொட்டியில் விட்டு, புள்ளி வைத்துப் புரட்டினார். புள்ளி மேலே வந்தது. புரட்டினார். மறுபடியும் புள்ளி. மூன்றாவது தடவை புள்ளி கொஞ்சம் தள்ளி நின்றது மாதிரி இருந்தது, நிற்காதது மாதிரியும் இருந்தது. வேறு உருண்டை உரிக்க நேரம் இல்லை. நஞ்சப்பன் கட்டைவிரலால் புள்ளியைத் துடைத்துவிட்டு, உருண்டையை அச்சில் வைத்தார்.

போட்டியன்று மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்தார். குப்புராஜ் என்று ஒருவர், முப்பது வயது இருக்கும், என்ன ஆட்டம்! அவர் அடித்த பந்து கயிறு பிடித்த மாதிரி போயிற்று. "நம்ம பந்து, நம்ம பந்து" என்று நஞ்சப்பன் பக்கத்தில் நின்றவரிடமெல்லாம் சொன்னார். கடைசிக் குழி. இரண்டடி தூரம். குழந்தைகூட உருட்டிவிடும். குப்புராஜ் உருட்டினார். பந்து நேராகப் போய், குழி கிட்டே வேகம் குறைந்ததும், இடதுபக்கம் திரும்பி நின்றுவிட்டது. அவர் தோற்றார்.

குப்புராஜ் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றதை நஞ்சப்பன் பார்த்தார். கிட்டே போய்ப் பந்தில் இருந்த எண்ணையும் பார்த்தார். இருநூற்று நாற்பது.

யாருக்குத்தான் தவறாது என்று மனசைச் சமாதானம் செய்தார். அது மூன்று மாசம் தாக்குப்பிடித்தது. ஒரு காலையில் மூட்டை இறக்க வந்த டெம்போக்காரர் பேச்சுவாக்கில் குப்புராஜ் கதையைச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப்பின் நஞ்சப்பனுக்கு வேலை ஓடவில்லை.

"அம்மிணி, ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்ணா."

"இருநூத்தி நாப்பதுல ஒண்ணே ஒண்ணு கோணலாப் போனா, அப்படி என்னங்க ஆயிரப் போவுது?"

கோகிலவாணி எழுந்தார். தள்ளி வைத்த கூடையிலிருந்து ஓர் உருண்டையையும், தேறிய தட்டிலிருந்து ஓர் உருண்டையையும் எடுத்தார். பட்டறையின் அந்தக் கோடியில் தொங்கிய தார்ப்பாயைப் பார்த்து இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓங்கி எறிந்தார். இரண்டும் ஒரே இடத்தில் போய் அடித்தன. எடுத்துவந்தார். இந்தத் தடவை குத்தவைத்து உட்கார்ந்து, சிமெண்ட் தரையில் வாசலை நோக்கி மெதுவாக உருட்டினார். ஒன்று நேராக வாசற்படியில் போய் முட்டியது. இன்னொன்று முக்கால் தூரம் ஒழுங்காகப் போய், ஓய்ந்து வரும்போது வளைந்து, நஞ்சப்பனின் செருப்போரம் வந்து நின்றது.

"வேகமாப் போறப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்ணா" என்றார்.

நஞ்சப்பன் காலை நகர்த்திக்கொண்டார்.

"யாரு கைக்குப் போச்சுங்க?" என்று கேட்டார் கோகிலவாணி.

"குப்புராஜுங்க."

"அவருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. கை நடுங்குதுன்னு நெனச்சுட்டு ஆடறதையே உட்டுட்டாராமுங்க. வர்ற பத்தாந் தேதி பயிற்சியாளர் தேர்வு. எட்டு வருஷமாக் காத்திருந்தாராம். குடுத்த பேரை வாபஸ் வாங்கிட்டாராமுங்க."

கோகிலவாணி அச்சைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னைக்கு என்ன தேதிங்ணா?"

"ஏழுங்க."

அவர் துணியை மேசைமேல் போட்டுவிட்டு நஞ்சப்பனைப் பார்த்தார்.

"சொன்னா பட்டறை பேரு கெட்டுப்போயிருமுங்க அம்மிணி."

"பேரு என்னுதுங்ணா. அதை நான் பாத்துக்கறேன்."

நஞ்சப்பனைவிடப் பதினெட்டு வயது சின்னவர். அடுப்பில் இருக்கிற பாலைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல அதைச் சொல்லிவிட்டார். நஞ்சப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனுஷியின் முன்னால் அழக் கூச்சமாக இருந்ததால் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் ஒரு மளிகைக் கடையில் நிறுத்தி உப்பு வாங்கினார். ஆறு பாக்கெட். ஊறுகாய் போடவா என்று கடைக்காரர் கேட்டார்.

குப்புராஜின் வீடு மைதானத்துச் சுற்றுச்சுவரை ஒட்டி இருந்தது. அந்தப் பந்து கட்டிலுக்கடியில் கிடந்தது, குழந்தை விளையாடிவிட்டுப் போட்டிருந்தது. நஞ்சப்பன் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். பாக்கெட்டுகளைப் பிரித்துக் கொட்டிக் கையாலேயே கலக்கினார். வீட்டில் எல்லாரும் இவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

பந்து மிதந்தது. உச்சியில் புள்ளி வைத்தார். புரட்டினார். புள்ளி வந்தது. புரட்டினார். புள்ளி வந்தது.

"இது தெரிஞ்சேதானுங்க நான் தோல் போட்டேன்" என்றார். நேரம் இல்லாததையும், கட்டைவிரலால் துடைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னார்.

குப்புராஜ் வாளிமுன் உட்கார்ந்து தானே புரட்டிப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு தடவை புரட்டியிருப்பார். பிறகு ஈரத்தோடு பந்தை எடுத்துத் தரையில் மெதுவாக உருட்டினார். அது இடதுபக்கம் திரும்பியது. மறுபடி உருட்டினார். மறுபடி இடதுபக்கம்.

"ஏ புள்ள, இங்க வந்து பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். "கையில்ல புள்ள. என் கையில்ல."

அப்புறம் நஞ்சப்பன் பக்கம் திரும்பினார்.

"மூணு மாசம்யா! என் கையை நானே திட்டிட்டுக் கெடந்தேன். நரம்பு டாக்டர்கிட்டப் போனேன். எக்ஸ்ரே எடுத்தேன். ராத்திரி புள்ளையத் தூக்கக்கூடப் பயந்தேன்யா, கீழ போட்டுருவேனோன்னு!"

நஞ்சப்பன் தலைகுனிந்து நின்றார். இன்னும் நிறையத் திட்டினார் குப்புராஜ், அத்தனையும் நியாயம். மனைவி அடுப்படிப் பக்கம் போனதைப் பார்த்து, "இந்தாளுக்குக் காப்பி கீப்பி போட்டுறாத" என்று கத்தினார்.

நஞ்சப்பன் வெளியே வந்து மொபெட்டைக் கிளப்பினார். பின்னால் யாரோ ஏறி உட்கார்ந்ததில் வண்டி அமுங்கியது. குப்புராஜ்தான். செருப்புக்கூடப் போடவில்லை.

"மைதானத்து ஆபீஸ்ல எறக்கி உடுங்க. அஞ்சு மணி வரைக்கும் பேரு எழுதுவாங்க."

ஆபீஸ் வாசலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினார் குப்புராஜ். ஓடுகிறபோது இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் காலை நஞ்சப்பன் பட்டறைக்கு வந்து, வேலைக்குக் கட்டும் மேல்துணியை மடித்து மேசைமேல் வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

"நான் கெளம்பறேனுங்க அம்மிணி. கத்துக் குடுத்ததுக்கு..."

கோகிலவாணி நீலத் தொட்டியில் புதுசாக உப்புக் கரைத்துக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"இனிமே எந்த உருண்டைக்குத் தோல் போடணும், எதுக்குப் போட வேண்டாம்னு நீங்கதான் சொல்லணுமுங்ணா. நான் தேத்துனதாவே இருந்தாலும், நீங்க ஒருக்கா பாத்தப்பறம்தான் அச்சுக்கு வரும்."

"நானுங்களா?" நஞ்சப்பன் பதறிப்போனார். "கோணலை உட்டவனே நாந்தானுங்களே!"

"உடாதவங்களுக்கு, அது யாரு ஊட்டுல போய் நிக்குமுன்னு தெரியாதுங்ணா" என்றார் கோகிலவாணி.